மிஞ்சிய மண்

ஒச்சாயி வீட்டில் ரசம் ஊற்றிச் சாப்பிட வேண்டுமென்றால் தட்டுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ரசமெல்லாம் வடக்குப் பக்கம் ஓடி விளிம்பில் போய் நின்றுகொள்ளும். காரணம், உள்ளறைக்குத் தரை என்று தனியாக எதுவும் போடவில்லை. பாறைதான் தரை. கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரி வரியாக ஓடுகிற பாறை. வீடு கட்டிய கொத்தனார் அதன் முதுகைக் கொஞ்சம் செதுக்கிச் சமப்படுத்தப் பார்த்தார். உளி மழுங்கியதுதான் மிச்சம். "இருந்துட்டுப் போகட்டும் விடுங்கம்மா, டைல்ஸ் செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஆணி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் ஜெயபாண்டி கையில் கறிப்பையோடு ஏறி வந்தான். பின்னால் அவன் மனைவி சித்ராதேவி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள்.

ஒச்சாயி கறிப்பையைப் பார்த்தாள். அண்ணன் கறியோடு வந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். சும்மா பார்க்க வருகிறவன் இல்லை அவன். ஐப்பசி மழைக்கு முன்னால் வருவான் என்று அவளுக்குத் தெரியும். என்ன கேட்பான் என்றும் தெரியும். கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மேட்டிலிருந்து பார்த்தால் கீழே சாலையோரம் அண்ணனின் வீடு தெரியும். மெத்தை வீடு. முன்னால் இரண்டு தூண், தூணில் கிரானைட். பார்வைக்கு எடுப்பான வீடுதான். பக்கவாட்டுச் சுவரைப் பார்க்கிற வரைக்கும்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அண்ணனும் தங்கையும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஜெயபாண்டி முதலில் திருப்பூர் வந்து ஹெல்பராகச் சேர்ந்து, தையல்காரருக்குக் கைமடித்துக் கொடுத்து, துணி வெட்டி, கடைசியில் பல்லடத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவன். ஒச்சாயி புருசன் தவசியோடு பின்னால் வந்தாள். அதே கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஒச்சாயி என்ற பேர் அங்கே யார் வாயிலும் நுழையாததால் மதுரக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மஞ்சள் காமாலையில் தவசி போய்ச் சேர்ந்த பிறகு, மகள் அபிராமியை வைத்துக்கொண்டு லைன் வீட்டில் காலம் தள்ளினாள். ஊரில் தவசிக்கு வந்த பங்கு மானாவாரிக் காட்டை விற்றுக் கையில் வைத்திருந்தாள்.

கம்பெனி முதலாளி லிங்கசாமி, பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற தடத்தில் தன் பூர்வீகக் காட்டைச் சைட்டாக வெட்டி விற்றார். விற்றது போகக் கடைசியில் இரண்டு மனைகள் மீந்தன. சாலையோரம் தட்டையான கருமண் மனை ஒன்று. அதற்குப் பின்னால் மேட்டில், பாறை முதுகை நீட்டிக்கொண்டு கிடந்த மனை ஒன்று. பழைய ஆட்கள் என்பதால் இருவருக்கும் கொடுப்பதாகச் சொன்னார். கீழ் மனையை ஒச்சாயிதான் முதலில் கேட்டாள். பஸ் ஸ்டாப் பக்கம், தனியாக இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அதுதான் தோது. அண்ணனும் சரியென்றுதான் சொன்னான்.

குழி தோண்டிப் பார்க்கிற வரைக்கும்தான் அந்தச் சரி.

அவர்கள் ஊரில் மனை வாங்கினால் குழி பார்ப்பார்கள். நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு முழமாக ஒரு குழியை வெட்டி, எடுத்த மண்ணையே திரும்ப அந்தக் குழியில் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், அந்த வீட்டில் எல்லாம் மிஞ்சும். சரியாக இருந்தால் மத்திமம். குறைந்தால் ஆகாது, அந்த வீட்டில் எது வைத்தாலும் குறையும். ஜெயபாண்டிக்கு இதில் பிடிவாதம் உண்டு. ஒரு வைகாசிக் காலையில் கடப்பாரையோடு வந்து இறங்கினான். லிங்கசாமி தன் காருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கசங்காமல் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், குழி பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. அவிய அவிய நம்பிக்கைதானுங்களே" என்றார்.

வைகாசி வெயிலில் கருமண் வெடித்துக் கிடந்தது. கடப்பாரையைப் போட்டு நெம்பினால் தேங்காய் தேங்காயாகக் கட்டிகள் பெயர்ந்து வந்தன. ஜெயபாண்டி ஒரு முழம் வெட்டினான். பிறகு கட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டான். பாதி மண் வெளியே இருக்கும்போதே குழி வாய் வரைக்கும் வந்துவிட்டது. மீதியையும் அள்ளிப் போட்டதும், சின்னப் பிள்ளையைப் புதைத்த மேடு மாதிரி ஒரு குவியல் நின்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஒச்சாயி அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்தியாடி! மிஞ்சிக் கிடக்கு பாரு, மிஞ்சி!"

அவளுக்கும் சந்தோசம்தான். தன் மனை மண் மிஞ்சுகிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

அடுத்து மேட்டு மனை. அங்கே ஒரு சாண் போவதற்குள் கடப்பாரை ணங்கென்று சத்தம் போட்டது. இடம் மாற்றி, பாறையில் ஒரு பிளவு ஓடிய பக்கமாக எப்படியோ குழி என்று ஒன்றை வெட்டினார்கள். சரளையும் செம்மண்ணும் கலந்த மண். திரும்பப் போட்டபோது அது சரசரவென்று பிளவுக்குள் இறங்கி எங்கோ போய்விட்டது. இருந்ததை எல்லாம் வழித்துப் போட்டும் குழி நான்கு விரல் குறைந்தது.

ஜெயபாண்டி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு இரண்டு மனைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, ஏற்கெனவே பேசி முடித்த காரியத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

"நான் ஆம்பளப் புள்ள பெத்தவன். நாளைக்கு வம்சம் தழையணும். மிஞ்சுற மண்ணு என் வீட்டுக்குத்தேன் வேணும். நீ பொட்டப்புள்ள வச்சிருக்கவ. அது கட்டிக் குடுத்தா போயிரும். உனக்கு எங்கிட்டு இருந்தா என்ன தாயி?"

குறைகிற மண் தங்கைக்குப் போதும் என்பதைத் 'தாயி' என்ற சொல்லுக்குள் வைத்துச் சொல்லிவிட்டான். ஒச்சாயி லிங்கசாமியைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் காரின் கதவில் படிந்திருந்த தூசியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விட்டுக்கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? அந்த வருசம்தான் அபிராமி வயதுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் சீர் கொண்டுவந்து முன்னால் நின்றால்தான் சபையில் மரியாதை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமனும் இல்லையென்றால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும். மண்ணா மாமனா என்று கணக்குப் போட்டாள், மாமன் பக்கம் சாய்ந்தாள். ஜெயபாண்டி சீரைக் குறைவில்லாமல் செய்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் செய்ததை அவன் மறக்கவும் இல்லை, யாரையும் மறக்க விடவும் இல்லை.

அவன் வீடு எழும்பியது. புதுமனைப் புகுவிழாவுக்கு வேனில் ஆள் வந்து இறங்கியது. எல்லாரிடமும் மண் மிஞ்சிய கதையைச் சொன்னான். மேட்டுப் பக்கம் கையைக் காட்டி, "அந்தா, குறைஞ்ச மண்ணு. என் தங்கச்சி இருக்கா" என்று சிரித்தான். ஒச்சாயி அப்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வீடு கட்டி முடிக்க இன்னும் இரண்டு வருசம் ஆனது. அஸ்திவாரத்துக்கு வாணம் பறிக்க வேண்டிய வேலையே இல்லை, பாறைமேலேயே சுவரை எழுப்பினார்கள். ஆனால் கக்கூஸ் தொட்டிக்கு மட்டும் கம்ப்ரஸர் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. கோடையில் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகு கக்கியது. தேள் வந்தது. ஒரு கறிவேப்பிலைச் செடி கூட வேர் பிடிக்கவில்லை. ஒருநாள் அண்ணன் வீட்டு வேலியோரமாக இரண்டு கூடை கருமண் அள்ளினாள், ஒரு முருங்கைக்குச்சி ஊன்றலாம் என்று. அவன் பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து, "ஏண்டி, என் மண்ணுல மிஞ்சுனத நீ அள்ளிட்டுப் போறியாக்கும்?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் ஒரு கூடையை அங்கேயே கொட்டிவிட்டு ஒரு கூடையோடு வந்தாள். முருங்கை வந்தது. ஆனால் அந்த மரத்தில் காய் பறிக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சும் கூடவே கைக்கு வரும்.

முதல் மழைக்கு அண்ணன் வீட்டு அடுப்படிக் கதவு சாத்த மறுத்தது. மரம் ஊறியிருக்கும் என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்தான். கோடையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பூனை புகுந்து போனது. அடுத்த மழையில் ஹாலின் நடுவே டைல்ஸ் புடைத்துக்கொண்டு எழுந்தது. அடுத்த கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கீறல் கிளம்பி, செங்கல் செங்கலாகப் படியிறங்கி, தரை வரைக்கும் வந்தது. பூசினான், பட்டி பார்த்தான், பெயின்ட் அடித்தான். தீபாவளிக்கு அடைந்த கீறல் சித்திரைக்குத் திறந்துகொண்டது. கடைசியில் சித்ராதேவி ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துண்டுகளைக் கொண்டுவந்து கீறலுக்குள் திணித்தாள். எந்த நாட்டுக்கோ போன பனியனின் ரோஸும் பச்சையும் பக்கவாட்டுச் சுவரில் கோடு போட்டது போலத் தெரிந்தன. துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்து, அதற்கு அளவு விட்டு வெட்டுகிறவன் ஜெயபாண்டி. அந்த ஷ்ரிங்கேஜ் கணக்கில் அவனைக் கம்பெனியில் மிஞ்ச ஆளில்லை. மண்ணும் சுருங்கும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

வம்சம் தழைக்க வேண்டிய மகன், கல்யாணமான ஆறாம் மாதமே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குள் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். "இடிஞ்சு விழுந்தா யாருப்பா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

சென்ற ஆனி மாதம் படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து சித்ராதேவியின் முழங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார்கள். ஒச்சாயியும் போய் நின்றாள். அவர் வெளியே ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது சுத்தக் களிங்க. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். வருசா வருசம் வீட்டைத் தூக்கித் தூக்கிக் கீழ வைக்குது. அடியில கெட்டி வர்ற வரைக்கும் போய்த் தூண் இறக்கியிருக்கணும். நீங்க மேலாப்புலயே வாணம் போட்டுட்டீங்க."

"நாங்க குழி பாத்தோம் சார். மண்ணு மிஞ்சுச்சு" என்றான் ஜெயபாண்டி. அந்த நேரத்திலும் குரலில் பழைய பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மிஞ்சத்தாங்க செய்யும். கட்டி கட்டியா எடுத்துத் திரும்பப் போட்டா நடுவுல எல்லாம் சந்து. களி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மிஞ்சும்." இன்ஜினியர் கையைத் தட்டிக்கொண்டு மேட்டைக் காட்டினார். "அந்தப் பாறை இருக்கு பாருங்க, அது உளுத்துப் பொடியாகி, மழைத்தண்ணியில வந்து பள்ளத்துல தேங்குனதுதான் இந்தக் களி. ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வயித்துல பொறந்ததுன்னு வச்சுக்கங்களேன்."

அவர் போகிற போக்கில் சொன்னார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் காலி செய்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

அபிராமி அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது பாறையைத் தடவிக்கொண்டு, "இதுக்கு உருமாறிய பாறைன்னு பேரும்மா. ஸ்கூல்ல படிச்சோம். பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் கெடந்து கெடந்து இப்படி வரி விழுந்துருமாம்" என்றாள்.

"நசுங்குனா எல்லாமே பாறையாயிராதுடி. சிலது சவசவன்னு களியாத்தான் போகும்" என்றாள் ஒச்சாயி. அண்ணனை நினைத்துச் சொன்னாளா, தன்னையே நினைத்துச் சொன்னாளா, மகளுக்குப் புரியவில்லை.

ஜெயபாண்டி ஆத்திரம் தாங்காமல் லிங்கசாமியிடம் நியாயம் கேட்கப் போனான். துணைக்கு ஒச்சாயியையும் இழுத்துப் போனான். அவர் மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"ஏனுங்க மாஸ்டர், எங்கப்பாரு காலத்துல இருந்து அந்தக் கருமண்ணுல நாங்க மாட்டுக்கொட்டாய் கூடப் போட்டதில்லீங்க. பருத்திதானுங்க போடுவோம். எங்க சனத்து ஊடு பூராப் பாறைமேலதானுங்க இருக்குது, பாத்தீங்கன்னாத் தெரியுமுங்களே."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மொதலாளி?"

"நீங்க மண்ணு மிஞ்சுதுன்னு அத்தன சந்தோசமா இருந்தீங்க. நல்ல நாளும் அதுவுமா நான் என்னத்தச் சொல்றதுங்க? அதுவுமில்லாம..." லிங்கசாமி சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "நீங்க கேக்கலீங்களே."

இவ்வளவு மரியாதையாக ஒருவனைக் குழியில் தள்ள முடியும் என்று ஒச்சாயிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மோர் புளிக்கவில்லை, நல்ல மோர்தான். அவளால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

இப்போது ஆவணி ஞாயிறு. கறிக்குழம்பு கொதிக்கிறது. ஜெயபாண்டி பாறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கையால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"கெட்டியாத்தேன் இருக்கு" என்றான்.

"பாறைண்ணே. வேற எப்படி இருக்கும்?"

"அபிராமி கல்யாணம் தையிலதான?"

"தை கடைசியில."

"மாமன் நானிருக்கேன், சீர்ல ஒரு குறையும் வைக்க மாட்டேன். சபையில உன் தல குனிய விட்டுருவேனா?" இதைச் சொல்லும்போது அவன் அபிராமியைப் பார்த்தான். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அதுக்கப்பறம் நீ ஒத்த ஆளு. ரெண்டு ரூம வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? நாங்களும் மழைக்கு முன்னாடியே இங்கிட்டு வந்துர்றோம். ஒரே வீட்டுல இருந்துக்கிருவோம். ஒங்க மதினிக்கும் முழங்கால் இப்படி இருக்கு."

சித்ராதேவி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

அண்ணன் வந்தால் என்ன ஆகும் என்று ஒச்சாயிக்கு நன்றாகவே தெரியும். முதல் மாதம் விருந்தாளி. இரண்டாம் மாதம் உள்ளறை அவனுக்கு. தை பிறந்தால், "என் தங்கச்சி என் கூடத்தேன் இருக்கா" என்று ஊரில் சொல்வான். அவள் கட்டிய வீட்டில் அவளே அண்டிப் பிழைக்கிறவளாக ஆகிவிடுவாள். வேண்டாம் என்று சொன்னால் மகளின் மணையில் மாமன் இல்லை. இரண்டில் எதையும் அவள் வாய் சொல்ல மறுத்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் குழி நினைவுக்கு வந்தது. ஒருதரம், ஒரே ஒருதரம், இவனைத் தோண்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"எதுக்குண்ணே ரெண்டு ரூம்புக்குள்ள இத்தன பேரு?" என்றாள். "நீயும் மதினியும் இங்க வந்து இருங்க. தை வரைக்கும் அபிராமியும் ஒங்களோட இங்கயே இருக்கட்டும். நான் கீழ உன் வீட்டுக்குப் போயிர்றேன். ஒத்த ஆளுதான. நான் இருந்துக்கிருவேன்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். 'உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு' என்று ஒரு அதட்டல் போதும். 'அந்த வீட்டுல உன்னய விட்டுட்டு நான் இங்க தூங்குவேனா' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். வீட்டை மட்டுமா, இந்தப் பாறையையே பெயர்த்துக் கொடுத்துவிட அவள் தயாராக இருந்தாள்.

ஜெயபாண்டி தாடையைச் சொறிந்தான். கொஞ்சம் யோசித்தான்.

"அதுவும் சரிதான்" என்றான். "முன் ரூம்புல கீறல் கம்மிதேன். நீ ஒத்த ஆளு, ஒரு மூலையில படுத்துக்கிருவ. ஐப்பசிக்கு முன்னாடி சாமானெல்லாம் மாத்திருவோம். பீரோவ மட்டும் அந்தப் பக்கச் செவுத்துல சாத்தாத, பாரம் தாங்காது."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. சித்ராதேவி தலையைத் தூக்கிப் புருசனைப் பார்த்தாள்.

பீரோவுக்குக் கூட அவனிடம் அக்கறை மிஞ்சியிருந்தது. ஒச்சாயிக்கு நெஞ்சுக்குள் எதுவோ சரசரவென்று இறங்கிப் போனது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"மண்ணு குறைஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

"எங்கடி?"

"இங்கதேன். நான் போட்டுப் பாத்தேன். நாலு வெரல் இல்ல, குழியே அப்படியே கெடக்கு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் திரும்பி நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நான் கீழ வரலண்ணே. நீயும் மேல வராத. நீ வேணாம்னு சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல."

"அடியே, நீயாத்தான வாய் குடுத்த? நானா உன்னயப் போகச் சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் போறேன்னப்ப போகாதன்னும் சொல்லல."

ஜெயபாண்டி எழுந்தான். அவமானத்தில் முகம் கருத்துவிட்டது. "மாமன் இல்லாம உன் மகள மணையில ஏத்திருவியா? ஏத்து. பாக்குறேன்." துண்டை உதறித் தோளில் போட்டான். கொதித்து இறக்கிய கறிக்குழம்பைத் தாண்டி நடந்தான். அவர்கள் ஊர்ப் பக்கம் கறிச்சோறு ஆக்கி வைத்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழுந்து போவது சின்ன விசயமில்லை. சித்ராதேவி வாசல்வரை போய்த் திரும்பி ஒச்சாயியைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிறாளா, தன்னையாவது நிறுத்திக்கொள் என்கிறாளா, தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

அந்தக் குழம்பைத் தாயும் மகளும் தொடவில்லை. மறுநாள் நாய்க்கு ஊற்றினார்கள்.

புரட்டாசி முழுக்க ஒச்சாயிக்குத் தன்மேல் ஒரு திருப்தி இருந்தது. கம்பெனியில் பனியனை விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடும்போதெல்லாம், இருபது வருசமாக அண்ணன் என்ற துணியைத் தான் ஒருதரமாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்வாள். பார்த்தாகிவிட்டது, ஓட்டை தெரிந்துவிட்டது, தள்ளிப் போட்டாகிவிட்டது. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற நினைப்பு நன்றாகத்தான் இருந்தது. மாமன் இடத்தில் நிற்க ஊரில் தூரத்துச் சொந்தத்தில் ஒருவரைப் பேசிவைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் விடிந்ததிலிருந்து விடாமல் கொட்டியது. கம்பெனி வேன் வரவில்லை. பாறைமேல் விழுந்த தண்ணீர் நிற்காமல் சரிவில் ஓடிச் சாலையோரக் கருமண்ணில் போய்த் தேங்கியது. ஒச்சாயி வீட்டு வாசலைத் தாண்டிய தண்ணீர் அவ்வளவும் அண்ணன் வீட்டு அஸ்திவாரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கவாட்டுச் சுவரில் ரோஸும் பச்சையுமாக இருந்த துணிக்கோடு நனைந்து தொங்கியது. ஒரு பக்கம் திணித்திருந்த துண்டுகள் பிதுங்கிக் கீழே விழுந்து கிடந்தன. திண்டாடிக்கொண்டு யாரோ ஒரு பெண் உள்ளிருந்து வாளியில் தண்ணீரை வாரி வெளியே ஊற்றுவது தெரிந்தது. சித்ராதேவிதான். முழங்கால் மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அபிராமி வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் பார்த்தாள்.

"அத்தைய மட்டுமாச்சும் கூட்டிட்டு வரட்டாம்மா?"

ஒச்சாயி கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை இன்னும் வலுத்தது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தானே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அத்தைய மட்டும் கூப்பிட்டா மாமா ஏதாச்சும் பேசுவாரு. அவரையும் கூப்பிட்டா அப்பறம் போக மாட்டாரு. மழை விடட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாமா?"

"அதுவும் சரிதான்" என்றாள் ஒச்சாயி.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கே கேட்டது. வாளியோடு நிமிர்ந்த சித்ராதேவி மேட்டுப் பக்கம் பார்த்தாள். ஒச்சாயி சட்டென்று ஓரடி உள்ளே போய் நின்றுகொண்டாள்.